பேர்லின் அருங்காட்சியகத்தில் ஈசபேல் இல்லை

2007 வைகாசியில் ஒரு சனிக்கிழமை நானும் என் தங்கை மெற்றில்டாவும் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து பேர்லினுக்குப் போனோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. விவிலியத்தில் வரும் ஈசபேல் அரசியின் காலத்துப் பொருட்களைப் பார்க்க வேண்டும் என்று தங்கை கேட்டாள். (யேசபேல் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆள் ஒன்றுதான்.) யாராவது இப்படிப் போக நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மன்னார் ஆட்கள். தங்கை விவாகரத்து எடுத்து இரண்டு வருடம். மகளோடு தனியாக இருக்கிறாள், வாசனைத் திரவியக் கடையில் வேலை. மாதாந்தத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவளும் அவள்தான். தவக்காலத்தில் எங்கள் செபக்குழுவை நடத்துபவர் ஈசபேலைப் பற்றிப் பேசினார். அவரை இங்கே சூசை அண்ணை என்று வைத்துக்கொள்வோம்.

"எங்களுக்குள்ளையும் ஒரு ஈசபேல் இருக்கிறா. புருசனை விட்டிட்டு, கண்ணுக்கு மை பூசிக்கொண்டு, வெள்ளைக்காரன்ரை காரிலை திரியிறா."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, எல்லாத் தலைகளும் தங்கையின் பக்கம் திரும்பின. குழுவில் இருந்த இரண்டு பெண்கள் கண்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட கார் சாரதிப் பயிற்சிக் கார். பக்கத்தில் இருந்தவர் பயிற்றுநர். காரின் கூரையில் பெரிய எழுத்தில் பலகையும் இருந்தது.

அதற்குப் பிறகு வாசகம் வாசிக்க வேறு ஆளைப் போட்டார்கள். ஆனியில் தங்கையின் மகளுக்கு, என் மருமகளுக்கு, முதல் நன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். வருவதாகச் சொன்ன மூன்று குடும்பங்கள் வசதிப்படாது என்றன. மருமகள் தன் வகுப்புப் பிள்ளைகளில் யார் யார் வருவார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை அழவில்லை. நகர நூலகத்தில் ஒரு ஜெர்மன் புத்தகம் எடுத்து வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணை, எல்லாரும் என்னை ஒருத்தியின்ரை பேராலை கூப்பிடினம். அவ ஆரெண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ?"

போக்குவரத்து விபரம்: வார இறுதிச் சீட்டு எடுத்தால் முப்பத்துச் சொச்சம் யூரோவுக்கு ஐந்து பேர் வரை போகலாம். ஆனால் பிராந்திய ரயில்களில் மட்டும்தான். மின்டன், பிறவுன்ஸ்வைக், மக்டபூர்க் என்று மூன்று இடத்தில் மாற வேண்டும். சுமார் 430 கிலோமீற்றர், கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம். சீட்டு ஒரு நாளுக்குத்தான் செல்லும். திரும்பி வர இன்னொன்று எடுக்க வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

மின்டனில் மாறி உட்கார்ந்ததும் தங்கை தமிழ் விவிலியத்தை எடுத்தாள். சூசை அண்ணை சொன்ன பகுதியை, அரசர்கள் இரண்டாம் நூல் ஒன்பதாம் அதிகாரத்தை, வாசித்தாள். ஈசபேல் சீதோன் நாட்டு அரசனின் மகள். இஸ்ரயேல் அரசன் ஆகாபுக்கு வாழ்க்கைப்பட்டவள். பாகால் என்ற தன் ஊர்த் தெய்வத்தின் வழிபாட்டைக் கொண்டுவந்தாள், ஆண்டவரின் இறைவாக்கினர்களைக் கொன்றாள். ஆகாபு இறந்து வெகுகாலம் கழித்துப் படைத்தலைவன் ஏகூ அவளுடைய மகனைக் கொன்றுவிட்டு அவளிடம் வந்தான். அவள் கண்ணுக்கு மை தீட்டி, தலையை அலங்கரித்து, சன்னலில் நின்று அவனைக் கொலைகாரன் என்றாள். ஏகூ சொன்னதும் அவளுடைய பணியாளர்களே அவளைக் கீழே தள்ளினார்கள். நாய்கள் தின்றன.

"சாகப் போறன் எண்டு தெரிஞ்சும் மை பூசியிருக்கிறா" என்றாள் தங்கை. குரலில் பாராட்டும் இல்லை, பழிப்பும் இல்லை.

பேர்லினில் பிரீட்றிக்ஸ்திராச நிலையத்தில் இறங்கினால் அருங்காட்சியகத் தீவுக்கு நடந்தே போகலாம். வியாழன் மாலை இலவசம் என்று வாசலில் போட்டிருந்தது. சனிக்கிழமை வந்த எங்களுக்கு அதனால் பயன் இல்லை. பபிலோனின் நீல வாசலுக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. அதைத் தாண்டி வடசிரியப் பகுதிக்குப் போனால் ஆட்கள் குறைவு. அங்கே நின்ற காவலாளியிடம் தங்கை ஜெர்மனில் கேட்டாள்.

"ஈசபேலா? அவ எங்களிட்டை இல்லை" என்றார் அவர், ஏதோ வேலை செய்கிற ஒருத்தி அன்று லீவு என்பதுபோல. பிறகு ஒரு கல்லைக் காட்டினார். கிட்டத்தட்ட அந்தக் காலத்து அரச குடும்பப் பெண் ஒருத்தி சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருக்கிறாள், பணிப்பெண் விசிறுகிறாள். பெயர் தெரியாதாம். தங்கை அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். "இதிலை ஒண்டும் பிடிபடேல்லை, அண்ணை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இவ்வளவு தூரம் வந்தது வீண் என்றுதான் எனக்குப் பட்டது.

இரவு நொய்கெல்னில் மச்சான் வீட்டில் தங்கினோம். U6 சுரங்க ரயில் எடுத்து U7-க்கு மாற வேண்டும்.

ஞாயிறு திரும்பும்போது ரயிலில் நான் தூங்கிவிட்டேன். மக்டபூர்க்குக்குக் கிட்ட தங்கை தட்டி எழுப்பினாள். ஈசபேலின் கதையைத் தொடக்கத்திலிருந்து வாசித்து, நாபோத்தின் பகுதிக்கு வந்திருந்தாள். அரசன் கேட்டும் நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்கவில்லை. ஈசபேல் இரண்டு பேரைப் பிடித்து, அவன் கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று சபையில் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தாள். ஊர் அவனைக் கல்லால் எறிந்து கொன்றது. அவள் செய்தவற்றில் இதற்காகத்தான், இறைவாக்கினர் எலியா அவளை நாய்கள் தின்னும் என்று சொல்கிறார்.

"ரெண்டு சாட்சி, அண்ணை." தங்கையின் விரல் அந்த வரியில் இருந்தது. "அப்ப நான் ஈசபேல் இல்லை. நான் நாபோத்து."

அப்போதுதான் அவள் அழுதாள். பெட்டியில் சைக்கிள்களோடு வந்த ஜெர்மன்காரர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

அடுத்த செபக்கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். சூசை அண்ணை தொடங்க முதல் தங்கை எழும்பினாள்.

"அண்ணை, அண்டைக்கு ஈசபேலின்ரை சாவைச் சொன்னனீங்கள். அவ செய்த குற்றத்தை இண்டைக்கு நான் வாசிக்கட்டோ?"

வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பூசையில் வாசிக்கிற அதே குரலில் நாபோத்தின் கதை முழுவதையும் வாசித்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணில் மை இருந்தது. வாசித்து முடித்து விவிலியத்தை மூடினாள். அப்போது அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "காருக்கு மேலை பலகை இருந்தது. நான் கண்டனான். அதை மட்டும் சொல்லாமல் விட்டிட்டன்." மற்றவள் குனிந்துகொண்டாள். சூசை அண்ணை வழக்கத்தைவிடச் சுருக்கமாகச் செபத்தை முடித்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, முதல் நன்மைக்கும் வரவில்லை. மூன்று குடும்பங்களில் இரண்டு வந்தன. ஆடியிலிருந்து தங்கை மறுபடி வாசகம் வாசிக்கிறாள். செபக்குழுவுக்குப் போவதில்லை.

போகிறவர்களுக்கு: ஒரு நாள் தங்குவதாகப் போங்கள், அன்றே திரும்பினால் களைத்துவிடுவீர்கள். நீல வாசலோடு நின்றுவிடாதீர்கள். அரசர்கள் இரண்டு நூல்களையும் வரிசையாக வாசித்துவிட்டுப் போங்கள், எங்களைப்போல் முடிவிலிருந்து தொடங்காதீர்கள். ஈசபேல் நல்லவள் என்று காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் கெட்டவள்தான். ஆனால் ஒருத்தியைக் கெட்டவள் என்று சொல்வதானால் அவள் செய்த கொலைக்காகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பூசிய மைக்காகச் சொல்லக்கூடாது.