தெக்வென் ஒட்டிய வில்லை

வெல்ஷ் மொழி பேசும் கும் ஹெஸ்கென் பள்ளத்தாக்கில் பெண்களுக்கு முடி சுருட்டிவிட ஒரே ஆள்தான் இருந்தாள், தெக்வென் ரோலண்ட்ஸ். கடை என்று அவளுக்கு எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு ஆஸ்டின் கார் இருந்தது. அதன் பின் இருக்கையில் முடி உலர்த்தும் இயந்திரத்தைப் போர்வை சுற்றிப் படுக்கவைத்து, முடி சுருட்டும் மருந்துப் புட்டிகளைப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு, பண்ணை பண்ணையாகப் போவாள். மலைமேல் இருந்த கடைசிப் பண்ணைக்குப் போகும் வழியில் பதினோரு வேலிக் கதவுகள். ஒவ்வொன்றிலும் இறங்கித் திறந்து, காரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிச் சாத்த வேண்டும். ஆடு ஒன்று தப்பினால் பண்ணைக்காரன் சும்மா விடமாட்டான். மழையோ பனியோ, வியாழன் என்றால் வியாழன்தான். அவள் வரும் நாளில் பண்ணைப் பெண்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கெட்டிலை அடுப்பில் போட்டுக் காத்திருப்பார்கள்.

ஊரில் எல்லோருக்கும் தொழிலை வைத்துத்தான் பெயர். அவள் ‘முடி’ தெக்வென். கல் குவாரியில் வேலை பார்த்த அவள் கணவன் இத்வாலைக்கூடப் பாதிப் பேர் ‘முடி’ இத்வால் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் தலையில் முடி கொட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் அவள் லிவர்பூலில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தவள். ஆங்கிலம் அவள் வாயில் தண்ணீராக ஓடும். பின்னால் நடந்ததைப் பற்றிப் பேசியவர்களில் பலர், பாவம், அவளுக்கு ஆங்கிலம் வராது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

1969 பிப்ரவரியில் காருக்கு வரி கட்டும் நாள் வந்தது. வரி கட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பதிவுப் புத்தகம், காப்பீட்டுச் சான்று, வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்ற பரிசோதனைச் சான்று, நிரப்பிய படிவம், பணம். இவ்வளவையும் கொண்டுபோய் மாவட்ட அலுவலகத்துக் கவுண்டரில் வைத்தால் வட்டமாக ஒரு காகித வில்லை தருவார்கள். அதை முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டிக்கொண்டால் ஒரு வருடத்துக்குப் போலீஸ்காரன் கிட்டே வரமாட்டான். அவள் பன்னிரண்டு மைல் ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் எட்னவெட் என்ற கிழட்டுப் பண்ணைக்காரர் நின்றிருந்தார். எழுபது வயது. மலையைவிட்டு இறங்குவதே வருடத்துக்கு நாலைந்து தடவைதான். கவுண்டரில் இருந்த இளைஞன் அவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினான். ஏதோ ஒரு கட்டத்தில் தப்பாக எழுதியிருக்கிறார் என்றான். அவருக்குப் புரியவில்லை. அவன் அதையே உரக்கச் சொன்னான். பிறகு காது கேளாதவரிடம் சொல்வதுபோல், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, இன்னும் உரக்கச் சொன்னான். அவனுக்குப் பின்னால் மேசையில் உட்கார்ந்திருந்த வயதான குமாஸ்தாவுக்கு வெல்ஷ் நன்றாகத் தெரியும். தெக்வென் படித்த பள்ளியிலேயே அவளுக்குச் சில வகுப்பு மேலே படித்தவர். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தெக்வென் எட்னவெட்டுக்குச் சொன்னாள். ஆனால் அதற்கு வேண்டிய தாள் அவர் வீட்டில் இருந்தது. இது மூன்றாவது நடை என்றார் அவர். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே, தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களில் அந்த இளைஞனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி அவளைச் சுட்டது. எதற்கு நன்றி?

அவள் முறை வந்தது. நிரப்பி வைத்திருந்த படிவத்தைப் பையிலேயே விட்டுவிட்டு, வெல்ஷில் ஒரு படிவம் வேண்டும் என்று வெல்ஷிலேயே கேட்டாள். அவன் விழித்தான். வயதான குமாஸ்தா எழுந்து வந்து அப்படி ஒன்று கிடையாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அப்ப வந்ததும் சொல்லி அனுப்புங்க. பணம் எங்கிட்டதான் இருக்கு, எங்கேயும் ஓடிடாது,” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அந்த நாட்களில் கல்லூரிப் பிள்ளைகள் பலர் வெல்ஷ் படிவங்களுக்காகவே நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். தெக்வெனுக்கு அவர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாற்பத்தேழு வயதில் கொடி பிடிக்கத் தனக்கு நேரமில்லை என்பாள். அன்று மாலை சமையல் மேசையில் உட்கார்ந்து, ஒரு அட்டையை வட்டமாக வெட்டி, அதில் வெல்ஷில் எழுதினாள்: ‘வரி கட்டத் தயார். என் மொழியில் கேளுங்கள்.’

இத்வால் அதை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். அவன் குவாரி வேலை போக, ஓய்வு நேரத்தில் கல்லறைக் கற்களில் பெயர் செதுக்குகிறவன்.

“இதுக்கு உன்னை உள்ளே போடுவாங்க, தெரியுமா?”

“தெரியும்.”

“எழுத்தெல்லாம் கோணலா இருக்கு. இவ்ளோ கோணல் எழுத்தை வெச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போனா என் மானம் போயிடும். தள்ளு,” என்று சொல்லி, இன்னொரு அட்டையை எடுத்து, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, அச்சடித்ததுபோல் எழுதிக் கொடுத்தான். அதுதான் ஆஸ்டினின் கண்ணாடியில் ஏறியது.

ஊர்க் காவலர் எம்ரிஸுக்கு முப்பது வயது. முதலில் ஐந்து வாரம் அவன் அந்தக் காரைப் பார்க்கவே இல்லை. எதிரே வந்தால் சட்டென்று தபால் நிலையத்துக்குள் நுழைந்துவிடுவான். தபால்தலையாக வாங்கிக் குவித்தான் என்று ஊரே சிரித்தது. கடைசியில் அவனுடைய மேலதிகாரியே அந்தப் பக்கம் வந்து வில்லையைப் பார்த்துவிட்டார். மறுநாள் எம்ரிஸ் நோட்டுப் புத்தகத்தோடு வந்தபோது தெக்வென் அவன் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தாள். அவன் மனைவி நெஸ்டா, தலையெல்லாம் சுருளோடு உலர்த்திக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டம் எழுதிக்கொடுத்த எச்சரிக்கையை ஆங்கிலத்தில் ஒப்பித்தான். தெக்வென் சீப்பைக் கீழே வைத்தாள்.

“எம்ரிஸ், நீ பிறந்த நாள்லேர்ந்து உன்னைத் தெரியும். இன்னைக்குத்தான் முதல் தடவையா எங்கிட்ட இங்கிலீஷ் பேசறே.”

“நான் என்ன பண்ணட்டும், மிஸஸ் ரோலண்ட்ஸ்? அச்சடிச்சதே அப்படித்தான் இருக்கு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றாள் அவள். உலர்த்தியின் இரைச்சலில் ஒன்றும் கேட்காத நெஸ்டா, என்ன, என்ன என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வழக்கு ஏப்ரலில் வந்தது. நீதிபதி இருக்கையில், ஊர்ப் பிரமுகர் என்ற முறையில், துணிக்கடை பாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேவாலயத்தில் பிரசங்க மேடைக்குக் கீழே, சபையைப் பார்த்துப் போட்டிருக்கும் பெரியவர்கள் இருக்கையில் உட்காருவார். அங்கே அவர் வாயில் ஆங்கிலம் வராது. இங்கே வேறொன்றும் வராது. அவள் பெயரை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். அவள் பேசவில்லை. உனக்கு ஆங்கிலம் புரியுமா என்று பாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

“நல்லாப் புரியும், மிஸ்டர் பாரி,” என்றாள் தெக்வென் வெல்ஷில். “உங்களுக்கு வெல்ஷ் புரியுமாங்கறதுதான் எனக்குச் சந்தேகம். போன ஞாயித்துக்கிழமை கால் மணி நேரம் ஜெபம் பண்ணினீங்களே, அது என்ன பாஷை?”

மொழிபெயர்ப்புக்கு என்று அழைத்துவந்திருந்த பள்ளி ஆசிரியர் அதை அப்படியே ஆங்கிலத்தில் பாரிக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்கும் முன்பே பாரியின் காது சிவந்துவிட்டது. அபராதம், அதோடு பாக்கி வரி, கட்டத் தவறினால் பதினான்கு நாள் சிறை என்று தீர்ப்பானது. கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு கடிதம் வந்தது. அபராதம் செலுத்தப்பட்டுவிட்டது, வழக்கு முடிந்தது.

கட்டியது யார்? முதலில் இத்வாலைத்தான் பிடித்தாள். தான் கட்டவில்லை என்று அவன் பைபிள்மேல் கை வைத்தான். நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சண்டை போட்டாள். பெயர் சொல்ல மாட்டோம் என்றார்கள். மூன்று வாரம் கழித்து, தலை அலசும்போது நெஸ்டாவின் கண்ணில் நீர் வழிந்தது. சோப்பு பட்டதால் என்று நினைத்துத் துடைத்துவிட்டாள் தெக்வென். அப்புறம்தான் விஷயம் வந்தது. பண்ணைப் பெண்கள் எல்லோரும் முட்டை விற்ற காசில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்கிறார்கள். சேர்த்துக் கொண்டுபோய்க் கட்டியவள் நெஸ்டா.

“எம்ரிஸ்தானே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்? அதை நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்?” என்றாள்.

அவர்கள் அன்பு தெக்வெனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தன் கையில் இருந்த ஒரே பொருளைக் கேட்காமலே எடுத்து விற்றுவிட்டதுபோல் இருந்தது. துண்டைப் பிழிந்தாள்.

“நான் பேச ஆரம்பிச்சேன். நீங்க வாயைப் பொத்திட்டீங்க. பாரி செஞ்சதைவிட இதுதான் எனக்கு வலிக்குது, நெஸ்டா. எல்லார்கிட்டயும் சொல்லிடு. அடுத்த தடவை எவ காசு கட்டறாளோ, அவ தலையில சாகற வரைக்கும் நான் கை வைக்க மாட்டேன்.”

அடுத்த தடவை ஜூன் மாதத்தில் வந்தது. அதே அட்டை, அதே பாரி, அதே பதினான்கு நாள். இந்த முறை யாரும் ஒரு காசும் கட்டவில்லை. எம்ரிஸ் அழைத்துப்போக வந்தபோது, ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு வரமுடியாது என்று அவனை முக்கால் மணி நேரம் தேநீர் குடிக்கவைத்தாள். பெண்கள் சிறை இங்கிலாந்தில் இருந்தது. எல்லை தாண்டி அந்தப் பக்கம் கார் திரும்பியதும் அவள் பையை மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

சிறை அவள் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. இரும்புக் கதவு ஒவ்வொன்றும் சாத்தும்போது சுவர் அதிர்ந்தது. என்ன செய்து வந்தாய் என்று மற்ற பெண்கள் கேட்டபோது, கார் வரி என்றாள். அவர்கள் நம்பவில்லை. பெரிய குற்றம் எதையோ மறைக்கிறாள் என்று எண்ணி, மரியாதையாக ஒதுங்கினார்கள். நான்காம் நாள், இத்வால் தனியாக மேசையில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பது கண்முன் வந்தது. கட்டிவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. தோன்றியதே என்று அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே மீதி நாட்களைத் தள்ளினாள்.

ஒன்பதாம் நாள் நெஸ்டா பார்க்க வந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு மேசை, பக்கத்தில் காவல்காரி. பேசுவது எனக்குப் புரிய வேண்டும், ஆங்கிலத்தில் பேசுங்கள் என்றாள் காவல்காரி. தெக்வென் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். முடியாது. நெஸ்டாவும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நெஸ்டா மெல்ல எழுந்து, தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் தன் நீலத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். உள்ளே முடி வைக்கோல்போல் நட்டுக்கொண்டு நின்றது. சீப்புக்கூடப் படவில்லை. விரல்களை விட்டு அதை இன்னும் கலைத்தாள். பிறகு பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல் காற்றில் கையால் காட்டினாள். ஒவ்வொருத்தி தலையிலிருந்தும் தொப்பியை எடுப்பதுபோல் பாவனை செய்தாள். கடைசியில் எதிரே உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பவைத்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். அச்சு அசலாகத் துணிக்கடை பாரி.

தெக்வெனுக்குப் புரிந்துவிட்டது. தொப்பி இல்லாமல் எந்தப் பெண்ணும் நுழையாத தேவாலயத்தில், பள்ளத்தாக்குப் பெண்கள் அத்தனை பேரும் தலைவிரிகோலமாக, வெறுந்தலையோடு, அவருக்கு நேர் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று காவல்காரி கேட்டாள். ஒன்றும் பேசவில்லையே என்று தெக்வென் தோளைக் குலுக்கிக் காட்டினாள்.

விடுதலையாகி வந்த வாரம் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. தேவாலயத்தில் உட்கார்ந்த அந்த நாற்பது தலைகளையும் மனிதத் தலையாக்க அவளிடம் இருந்த சுருள்கள் அத்தனையும் போதவில்லை. பாரியின் மனைவியும் கூப்பிட்டு அனுப்பினாள். தெக்வென் போனாள். பாரி வீட்டுக்குள் இருந்தும் வெளியே வரவில்லை.

மறு வருடம் இரண்டு மொழியிலும் வில்லை வந்தது. பல ஊர்களில் பலர் சிறை போய், பல வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. இதில் தன் பங்கு ஒரு சுருள் அளவுகூட இருக்காது என்று அவளே சொல்வாள். முதல் நாளே போய் வரிசையில் நின்றாள். கவுண்டரில் இப்போது அந்த வயதான குமாஸ்தா. வெல்ஷில் வணக்கம் சொன்னார். அவள் பணத்தை நீட்டி வில்லையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

“இங்கிலீஷ் மேல இருக்கு. நம்மது ஏன் கீழே?”

“தெக்வென், வந்ததே பெரிசு. பின்னால வரிசை நிக்குது.”

“நிக்கட்டும். யார்கிட்ட எழுதிக் கேக்கணும், அதைச் சொல்லுங்க.”

அவர் பெருமூச்சு விட்டு, ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் அவள் இதேபோல் வெல்ஷில் கேட்டு மூன்று முறை நீதிமன்றம் போனாள். தொலைபேசிக் கட்டணத்துக்காக ஒரு தடவை, தொலைக்காட்சி வைத்துக்கொள்ள வாங்கும் உரிமத்துக்காக இரண்டு தடவை. ஒன்றில் ஜெயித்தாள், இரண்டில் தோற்றாள். ஒரு தடவையும் அவளுக்காக யாரும் பணம் கட்டவில்லை.