பிடுங்கிய பிளக்

தென்னூர் ஆபீசிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நடந்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்த மாதத்தில் அது என் மூன்றாவது வேலை. போனுக்குச் சார்ஜ் போட, சர்வர் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். கடைகளின் வெப்சைட்டுகளுக்கு நாங்கள் எழுதுவதெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் ஒவ்வொரு முறை பேசும் முன்பும் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். எல்லாக் கடை சைட்டும் என்னால் போச்சு என்று அவரிடம் உளறிவிட்டேன்.

"ஒரு சைட் பேரு சொல்லுங்க தம்பி."

சொன்னேன். தன் போனில் திறந்து காட்டினார். ஜவுளிக்கடை புடவைகளோடு அப்படியே இருந்தது.

"எழுதி வைக்கிற பொட்டிதான் நின்னுருக்கு. ஜனங்க பாக்குற பக்கம் வேற எடத்துல இருக்கு. போய் பிளக்கை மாட்டிட்டு உண்மையைச் சொல்லுங்க."

"திட்டுவாங்களே."

மறுபடி துடைத்தார். "திட்டத்தான் செய்வாங்க. சைட்டே போகல, நீங்க ஏன் போறீங்க?"

அவர் யார், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காமலே ஆற்றுப் பாலத்துக்கு முன் இறங்கினேன். திரும்பிப் போய் பிளக்கை மாட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். திட்டி, வேலையைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை போய்க் கேட்டு, அதே ஆபீசில் மறுபடி சேர்ந்தேன், டீ வாங்கி வரும் வேலைக்கு.