சாவடி இல்லாத எல்லை

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு மகளின் குறுஞ்செய்தி வந்தது. "அம்மா, டப்ளினுக்கு பஸ் ஏறிட்டன். இரவு பெல்பாஸ்ட் திரும்பிடுவம்."

லண்டன் ஹரோவில் எங்கள் சமையலறையில் நின்றபடி அதைத் திரும்பவும் வாசித்தேன். பல்கலைக்கழகத் தோழிகளோடு பெல்பாஸ்ட் போகச் சம்மதித்திருந்தேன். அது இந்த நாட்டு நகரம். டப்ளின் வேறு நாடு. தோழிகள் இங்கே பிறந்தவர்கள். இவளிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருக்கிறோம்; எங்காவது ஒரு குடிவரவு மீறல் பதிவானாலும் அது கைநழுவலாம். இந்த நேரத்தில் விசா இல்லாமல் அயர்லாந்துக்குள்!

அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது.

"என்னட்டைக் கேட்டவள். போட்டு வா எண்டனான்" என்றார் கணவர்.

"விசா?"

"அது பிளேனில போறவைக்கு. ரோட்டில ஆமி இல்லை, சென்ரி இல்லை, ஒரு மண்மூட்டைகூட இல்லையாம். பிறகென்ன எல்லை?"

"உங்களுக்கு எல்லை எண்டால் ஆராவது துவக்கோட நிக்க வேணும், என்ன?"

"வேற எப்பிடியப்பா தெரியும்?"

போர்க்கால இலங்கையில், பையைக் கொட்டிக் காட்டி, இறங்கி நடந்து கடந்த இடங்களைத்தான் இருவரும் எல்லையென்று அறிந்திருந்தோம். அயர்லாந்துத் தீவைப் பிரித்து வடக்குத் துண்டைப் பிரித்தானியா வைத்துக்கொண்டபின், அங்கும் நெடுங்காலம் காவற்கோபுரங்கள் நின்றன. சமாதானம் வந்ததும் கழற்றிவிட்டார்கள். இப்போது வீதிப் பலகையில் மைல் கிலோமீற்றராகும், தபால்பெட்டி சிவப்பிலிருந்து பச்சையாகும். ஆனால் சில வேளைகளில் பொலிஸ் பஸ்ஸை மறித்துக் கடவுச்சீட்டுப் பார்ப்பதுண்டு. டப்ளினில் நடந்த ஒரு கலியாணத்துக்காக விசாரித்தபோது நான் அறிந்தது அது.

நான்கு மணியளவில் மகளின் தோழி ஒருத்தி அழைத்தாள். "ஆன்டி, பொலிஸ் அவளை மட்டும் பஸ்ஸால இறக்கிப்போட்டினம். எங்களைப் போகச் சொல்லிட்டினம்."

கணவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்க போறியள்? நடுவில கடல் கிடக்கு."

அவர் சாவியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொழுதுபடும்போது மகளிடமிருந்து ஒரே வரி: "பயப்பிடாதேங்கோ, நாளைக்கு வாறன்." அதற்குமேல் எதுவும் இல்லை. அன்றிரவு சமைத்தது அப்படியே கிடந்தது.

ஞாயிறு மதியம் வந்தாள். தகப்பன் அவளது தோளைத் தொட்டுப் பார்த்து, "அடிச்சவங்களோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. ஒருத்தரும் கத்தக்கூட இல்லை. தேத்தண்ணி தந்து, பெல்பாஸ்ட் பஸ்ஸில திருப்பி ஏத்திவிட்டவை."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா அம்மா, உள்ள வர அனுமதியில்லை எண்டு எழுதித் தந்திருக்கினம். சிட்டிசன்ஷிப்காரருக்கு இதை நாங்களே சொல்ல வேணுமாம்."