ஆறு மணிக்கு வரும் வெள்ளைப் புள்ளிகள்

கடையநல்லூரில் சித்தி வீட்டுப் பின்கட்டில், அந்த டி.வி.யின் மேல் வைத்த கூடையில் ஒரு கோழி அடை கிடந்தது. எங்கள் பக்கம் ஸ்டேஷனே எட்டாத காலத்தில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வால்வு செட். ஒரு நாள்கூடப் படம் காட்டியதில்லை. இப்போதுதான் கொடைக்கானலில் கோபுரம் வந்துவிட்டதே, கோழியை இறக்கிவிட்டு இதை எழுப்பிப் பார்த்தால் என்ன என்று அங்கேயே தோன்றிவிட்டது.

"எடுத்துட்டுப் போலே," என்றாள் சித்தி. "ஆடிக் கடைசி ஞாயித்துக்கெழம சாயங்காலப் படத்துக்கு நாங்க தென்காசிக்கு உங்க வீட்டுக்கு வருவோம். ஒழுங்காத் தெரியலன்னா பொட்டி எனக்கு. நல்ல தேக்கு. ஆசாரிகிட்ட குடுத்து சாமி அலமாரி பண்ணிருவேன்."

பாலிடெக்னிக் லீவு முழுவதும் அதற்கே போனது. உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றினேன். இரண்டு வால்வுக்குத் திருநெல்வேலி ரேடியோ கடைகளில் அலைந்தேன். ஆடி பிறந்ததும் படம் வந்தது, கண்ணாடி மாதிரி. ஒரு வாரம்தான். அப்புறம் தினமும் சாயங்காலம் ஆறு மணியானால் திரையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் பட்டையாக ஓடும்; ஸ்பீக்கரில் வடைச்சட்டி இரைச்சல்.

"கோழி உக்காந்த செட்டுல்லா," என்றார் அப்பா, படம் பார்க்க வந்தவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு. "கொத்திப்போட்ட மாதிரிதான் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செட்டை மூன்று முறை பிரித்தேன். குற்றமில்லை. அப்படியானால் தெருமுனை அம்மன் கோயிலை ஒட்டிய மாவுமில்தான் என்று முடிவுகட்டி, நேரே போய்க் கத்தினேன்.

"அண்ணாச்சி, உங்க மோட்டார் ஸ்டார்ட்டர் பொறி விடுது. தெருவுல ஒருத்தரும் டி.வி. பாக்க வேண்டாமா?"

மில்காரர் மாவு படிந்த புருவத்தை உயர்த்தினார். "ஏலே, மில்லு போட்டு இருவது வருசமாச்சு. உன் பொட்டி நேத்து வந்தது. எது வம்புக்கு வந்ததுன்னு நீயே சொல்லு."

திரிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் அவருடைய பெல்ட் அறுந்து மில் ஓடவில்லை. அன்றும் சரியாக ஆறு மணிக்குப் புள்ளிகள் வந்தன.

அவமானத்தில் கோபம் இரட்டிப்பானது. பாட்டரி டிரான்சிஸ்டரை எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் திருப்பிவைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பொறி எங்கே தெறிக்கிறதோ அங்கே ரேடியோ கரகரக்கும். எங்கள் வாசலில் முனகியது. கோயிலை நெருங்க நெருங்க இரைந்தது. முனை மின்கம்பத்தடியில் காது கிழிந்தது. அண்ணாந்து பார்த்தேன். கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஒரு வாரமாகத் தினமும் ஆறு மணிக்கு எரியவிடும் சீரியல் பல்பு வயரை வளைத்துக் கொக்கியாக மேலே மின்கம்பியில் மாட்டியிருந்தார்கள். சாரல் காற்று தள்ளும்போதெல்லாம் கொக்கி ஆடியது, நீலமாகப் பொறி விழுந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் என் அப்பா.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்பா, கோழி கொத்தல. உங்க கொக்கிதான் கொத்துது."

"அம்மனுக்குப் போட்ட வெளக்கு. கொடை முடியுத மட்டும் ஒருத்தன் தொடக்கூடாது."

"ஈரக் காத்துல வயரு அறுந்து யாரு மேலயாவது விழுந்தா?"

"வருசா வருசம் இப்படித்தாம்லே போடுதோம். யாரு செத்தா?"

திருட்டு மின்சாரத்தில் சாமிக்கு விளக்கு. கேட்டால் நான் தெய்வகுத்தக்காரன். மின்வாரிய ஆபீசுக்குப் போய் எழுதிக்கொடுத்துவிடலாமா என்று சட்டையைக்கூட மாட்டினேன். கொடையில் கோயில் இருண்டு கிடந்தால் தெருவே அப்பாவைப் பேசும் என்று நினைத்துக் கழற்றினேன். அதற்கும் என் மேலேயே கோபம் வந்தது.

சித்தி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது. கோயிலுக்கு அடுத்து மீட்டர் உள்ள ஒரே கட்டடம் மில். அங்கிருந்து முறையாக ஒரு லைன் இழுத்தால் விளக்கும் எரியும், கொக்கியும் இறங்கும். அதற்கு, ஊர் பார்க்க நான் ஏசிவிட்டு வந்த அதே மனிதரிடம் போய்க் கேட்க வேண்டும். வயரை அளந்து சுருட்டி வைத்துவிட்டேன். காலையில் மில் திறந்ததும், திரிக்க வரும் பெண்கள் வருவதற்கு முன் போய் நிற்கப்போகிறேன்.