எஃப்.சி.க்கு இரவல் வாங்கின சீட்டு

சீட்டு இல்லாத வண்டிக்கு எஃப்.சி. கிடைக்குமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படிக்காத நானே சொல்லியிருப்பேன், கிடைக்காது என்று. மனுசன் உட்காரத்தானே வண்டி.

அந்தச் சின்ன வேன் என் பேரில் இருக்கிறது. ஏழு பேர் உட்காரலாம். தா.பழூர் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் முப்பது வருசம் டிராக்டர் டிப்பரில் போனவள் நான். பொம்பளைகள் இருபது பேரும் இரும்புத் தகட்டில் குத்தவைத்துப் போவோம். பள்ளத்தில் இறங்கினால் முட்டி வந்து முகவாயில் இடிக்கும். இனி எந்த வண்டியிலும் தரையில் உட்காருவதில்லை என்று மனசில் வைத்துக்கொண்டுதான், கூலியில் மிச்சம் பிடித்ததையும் ஆடு விற்றதையும் போட்டு, பெரம்பலூரில் அதைப் பழைய வண்டியாக வாங்கினேன். கைநாட்டு வைத்தால் போதும் என்றார்கள். மாட்டேன் என்று ஒரு மாசம் கையெழுத்துப் பழகிப் போட்டேன்.

ரெண்டு வருசம் ஜெயங்கொண்டம், ஏலாக்குறிச்சி என்று சீட்டில் சாய்ந்துகொண்டு போனேன். பிறகு என் மகன் சின்ன வெங்காய வியாபாரம் ஆரம்பித்தான். பெரம்பலூரில் மூட்டை ஏற்றி, ஊர் ஊராக மைக் கட்டி விற்பது. பின்னால் இருந்த ரெண்டு வரிசை சீட்டையும் கழற்றினான்.

"ரெண்டு மாசந்தாம்மா. சீசன் முடிஞ்சதும் மாட்டிடுறேன்" என்றான்.

மாட்டவில்லை. சீட்டைக் கொண்டுபோய் அவன் சிநேகிதன் சலூன் கடையில் போட்டுவிட்டான். முடிவெட்ட வருகிறவன் எல்லாம் என் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். பஸ் ஏற அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் போகணும். ஒருநாள் நின்று கேட்டே விட்டேன், "அது என் சீட்டு, தெரியுமா?" என்று.

"தெரியும் பெரியம்மா. உள்ள வந்து உக்காருங்க. கட்டிங்கா, ஷேவிங்கா?" என்றான் சலூன்காரன்.

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் என் மகனும் ஒருத்தன்.

வண்டிக்குப் பதினைந்து வருசம் முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும் என்றால் வண்டி ஓட லாயக்கா என்று எஃப்.சி. காட்டணும். வண்டி என் பேரில் இருக்கிறதே, அப்போதுதான் அவனுக்கு அம்மா ஞாபகம் வந்தது. அரியலூருக்குக் கூட்டிப் போனான். வண்டியைச் சோதிக்கிற ஆபீசரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் பின்கதவைத் திறந்தார். உள்ளே வெங்காயச் சருகுதான் கிடந்தது.

"சீட்டு எங்கய்யா?"

"வூட்ல இருக்கு சார். சரக்கு ஏத்துறதுக்காக..."

"ஆர்.சி. புக்குல ஏழு சீட்டு. இங்க ரெண்டு இருக்கு. புக்குல இருக்கிறது வண்டியில இருக்கணும். மாட்டி, பெல்ட்டோட கொண்டா."

சலூன் சீட்டில் பெல்ட்டை அறுத்துவிட்டிருந்தார்கள். அடிச்சட்டத்தை வெட்டிக் கட்டைக்கால் வேறு வைத்திருந்தார்கள். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. இவன் சீட்டையே இரவல் வாங்கினான். பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் இதே மாதிரி வண்டி இருந்தது. அந்தச் சீட்டு.

அடுத்த வாரம் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். சிவப்பு உறை. எத்தனையோ நாள் கழித்து முதுகு சாய்ந்தது. கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்லணும்.

முன்சீட்டு சாம்பல் நிறம், பின்சீட்டு சிவப்பு. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். மகனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஓனர் நீங்கதானேம்மா? இது இந்த வண்டி சீட்டுதானா?"

மகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி நின்றால் அவன் பிழைப்பு நிற்கும்.

"எங்க சீட்டுதான் சார். உறை கிழிஞ்சிருந்துச்சு, புதுசு போட்டோம்" என்றேன்.

முப்பது வருசக் கூலி வேலையில் ஒரு நாற்றுக்கட்டைக் கூடக் கூட்டிச் சொன்னவள் இல்லை நான். அந்த மனுசர் என் நரைத்த தலையைப் பார்த்து நம்பினார். வண்டி பாஸ்.

அங்கிருந்து நேராகப் பெரம்பலூர் போனோம். மெக்கானிக் பட்டறையில் சீட்டைக் கழற்ற கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து மண்டியில் மகன் மூட்டை ஏற்றினான். முன்சீட்டில் எடை மெஷினையும் மைக் செட்டையும் வைத்தான். பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்தான்.

"ஏறிக்கம்மா."

"மெஷின பின்னால வையி. நான் முன்னால உக்காந்துக்கறேன்."

"மெஷின் அடிபட்டா நாளைக்கு வியாபாரம் கெடையாது. ரெண்டு மணி நேரந்தான். நீ டிப்பர்ல போகாததா?"

மூட்டை தூக்கினவர் இருந்தார், மண்டிக்காரர் இருந்தார். அவர்கள் காதில் விழத்தான் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னால் கூப்பிடுவான் என்று நினைத்தேன். ஹாரன் அடித்துவிட்டு, தாண்டிப் போய்விட்டான். அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தாள். "நீ உக்காரும்மா" என்றேன்.

புது ஆர்.சி. கார்டு என் பேருக்குத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவனிடம் கொடுக்கவில்லை. சாயந்தரம் கேட்டான்.

"கார்டு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. பின்சீட்டு ரெண்டையும் மாட்டு, தரேன்."

சோற்றில் இருந்து கையை எடுக்காமலே சொன்னான், "நீயே வச்சுக்க. இப்பல்லாம் செல்லுல காட்டினாலே போலீஸ்காரன் விட்டுடுறான்."

கார்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ். மருமகளைப் படிக்கச் சொன்னேன். மேலே என் பேர் போட்டிருக்கிறதாம். ஏழு சீட்டு என்றும் போட்டிருக்கிறதாம்.