எண் இருந்தது, பெயரைப் படிக்கவில்லை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துக்காட்டும் வேலை எனக்கு. பங்கு வாங்கி விற்கும் செயலி ஒன்றில் சேரும்முன், அதிலிருந்த தரகர் பதிவு எண்ணை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியத்தின் இணையதளத்தில் தேடினேன். எண் இருந்தது. மகளின் கல்லூரிப் பணத்தை அனுப்பினேன். ஒரே மாதத்தில் செயலி திறக்காமல் போனது.

புகார் கொடுக்கப் போனபோது, சைபர் கிரைம் போலீஸ்காரர் வாரியத்தின் அதே பக்கத்தைக் காட்டினார்.

"நம்பர் நெசந்தாம்மா. ஆனா வேற கம்பெனியோடதா இருக்குது. பக்கத்துலயே பேர் போட்டிருக்கே, பாக்கலியா?"

மறுநாள் வழக்கம்போல் போய்ப் புடவை விரித்தேன்.

இப்போது ஐம்பது ரூபாய் அனுப்பினாலும் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படிக்கிறேன்.

நேற்று ஒரு அம்மா, சுத்தப் பட்டு என்று அச்சிட்ட அட்டையைப் பார்த்ததுமே பில் போடச் சொன்னார்.

"அட்டைய மட்டும் பாக்காதீங்கம்மா, புடவையையும் பாருங்க" என்றேன்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.