சோம்பேறின்னு சொன்ன வாய்

எங்க தாய்மாமாவ நான் இன்னும் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்.

தம்பி கொழும்புல சலூன் வேலைக்குப் போனவன், புத்தி கலங்கித்தான் கொட்டகலைக்குத் திரும்பி வந்தான். மாத்திரையில காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுச்சு. ஆனா ஆளு சுவரப் பார்த்து ஒக்காந்துட்டான். குளிக்க மாட்டான், பேச மாட்டான். சோறு போடவான்னு கேட்டா வேணும் வேணாம்னு ஒரு வார்த்தை வராது.

மாமா எங்க தேயிலைத் தோட்டத்துல கங்காணி. காய்ச்சல் அடிச்சாத்தான் அவருக்கு நோய். "தின்னு கொழுத்த சோம்பேறி"ன்னு ஒரு நாள் காலையில தம்பிய தரதரன்னு பெரட்டுக் களத்துக்கு இழுத்துட்டுப் போனாரு. வேலைக்குப் பேர் குடுக்க நின்ன அத்தன சனத்துக்கு முன்னால தலையில தண்ணிய ஊத்துனாரு. அவன் தொடைக்கக்கூட இல்ல. சனம் சிரிச்சிச்சு. வர்ற தீபாவளிக்குள்ள திருந்தலன்னா இவன புத்தி சரியில்லாதவங்க ஹோமுல விட்டுரணும்னு அம்மாகிட்ட வாக்கும் வாங்கிட்டாரு, பாவி மனுசன்.

மனநல கிளினிக்ல இருந்து வீட்டுக்கு வந்த மிஸ்தான், "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, இதுவும் நோய்தான். மனசுல ஆசையே எழும்பாது"ன்னாங்க. கிளினிக்ல எல்லாருக்கும் குடுக்குற பேப்பர் பை ஒட்டுற வேலைய இவனுக்குச் சொல்லல. என்ன செய்யப் பிடிக்கும்னு அவன்கிட்டயே கேட்டாங்க. கேட்டுட்டு, கையில குடுத்த பிளேன்டி தேத்தண்ணி ஆறிப்போற வரைக்கும் பொறுத்திருந்தாங்க. கடைசியா "முடி வெட்ட"ன்னான்.

மொதல்ல சீப்பு கழுவுறது மட்டும். அது பழகுனதும் என் முடி நுனி. கோணல்மாணலா வெட்டுனான், நான் அதோடயே கொழுந்து பறிக்கப் போனேன். சில நாள் ஒன்னுமே செய்யாம படுத்துக்குவான். திட்டாதீங்க, நாளைக்குக் கேளுங்கன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க, கேட்டேன். மெல்ல மெல்ல எங்க லயத்து வரிசை வீட்டு ஆம்பளைங்க தலைய நீட்ட ஆரம்பிச்சாங்க.

தீபாவளிக்கு முந்தின நாள் எங்க வாசல்ல ஒரே கூட்டம். மாமாவும் வந்து முந்திக்கிட்டு ஸ்டூல்ல ஒக்காந்தாரு.

"வெட்டுடா, பாப்போம்."

துண்ட எடுத்த தம்பி அப்படியே நின்னான். அப்புறம் கத்தரிக்கோல கீழ வெச்சான்.

"ஒங்களுக்கு வெட்ட மாட்டேன்."

மாமா ஸ்டூல விட்டு எந்திரிக்கல.

"எந்திரிங்க மாமா, அடுத்த ஆளு நிக்கிறாரு"ன்னேன் நான். அடடா, என்னா ருசி அது!

அம்மா கதவத் தாண்டி வெளிய வந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிச்சு.

"அண்ணே, என் புள்ள எங்கயும் போகமாட்டான்."